மை மங்குமுன்: எம் அன்னையரின் சமையற் கொப்பிகளும் எமது கல்லூரியும்

நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் மனையியற் கூடத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டபோது, அது இலகுவான வேலை என்றே எண்ணினோம். ஆனால் எழுதுவதற்கு ஆதாரமாகக் கல்லூரியில் எதுவும் இருக்கவில்லை. ஆசிரியைகளின் பாடக்குறிப்புகள், செய்முறைப் பரீட்சைப் புள்ளிகள், பரிசளிப்பு விழாக்களில் விருந்தினருக்குப் பரிமாறிய சிற்றுண்டிகளின் கணக்குக் கொப்பிகள் எல்லாம் ஒரு காலத்தில் அந்தக் கூடத்தின் பச்சை அலுமாரியில் இருந்தவை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்கள் கண்டது திறந்து கிடந்த வெறும் அலுமாரியைத்தான்.

அப்போது நாம் பத்தாம் வகுப்பு மாணவிகள். கொட்டும் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்த அந்த இரவில் ஒவ்வொருவர் வீட்டிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு சில நிமிடங்களில் தீர்மானித்தார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, ஒரு சோடி உடுப்பு. எம் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் அவற்றோடு இன்னொன்றையும் பையில் வைத்தார். அது ஒரு சீ.ஆர். கொப்பி. அவர் எமது கல்லூரியிலேயே 1950களின் இறுதியில் படித்தவர். அந்தக் கொப்பியின் முற்பாதியில் மனையியல் வகுப்பில் ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதிய பாடங்களும், பிற்பாதியில் தம் தாயாரிடம் கேட்டு எழுதிய வீட்டுச் சமையலும் இருந்தன.

அதே கொப்பி கடந்த ஆண்டு எமது கைக்கு வந்தது. அட்டை இல்லை. முற்பாதியின் நீல மை மழையில் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் மேகம் போலப் பரவியிருந்தது. பிற்பாதியில் தேங்காயெண்ணெய் ஊறி, ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கத்து எழுத்தோடு கலந்து தெரிந்தது. கல்லூரி இழந்த ஆவணக் காப்பகத்தின் ஒரு துண்டு இதுதான் என்று அப்போதுதான் எமக்கு உறைத்தது. எனவே இக்கட்டுரை மனையியற் கூடத்தின் வரலாறாகத் தொடங்கி, உங்கள் வீட்டு அலுமாரிகளைப் பற்றிய வேண்டுகோளாக முடிகிறது.

எழுதக் கற்ற கைகள்

சமையற் குறிப்பை எழுதிவைப்பது எமது முன்னோரின் வழக்கமன்று. கூழுக்கு எவ்வளவு புளி என்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிந்த விடயம். தாய் செய்ய மகள் பார்த்து நிற்பதே பாடம். பாட்டும் சில வேளைகளில் கொப்பியின் வேலையைச் செய்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய சிறுவர் பாடலை ஆரம்ப வகுப்பில் மனனம் செய்யாதவர் எம்மில் எவரும் இலர். கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் என்ன வேண்டும், எதை வறுப்பது, எதை இடிப்பது என்பதெல்லாம் அந்தப் பாட்டினுள்ளேயே இருக்கின்றன. ரொறன்ரோவில் பனிக்காலம் முழுவதும் இருந்துவிட்டு ஆடி முதலாம் நாள் கூழ் காய்ச்சும் பழைய மாணவியர் சிலர், செய்முறை மறந்தபோது அந்தப் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்ததாக எமக்கு எழுதியிருக்கிறார்கள். மனனமான பாட்டுக்கு மையும் இல்லை, மங்கலும் இல்லை.

சமையல் கடதாசிக்கு வந்தது பெண்கள் பேனா பிடித்த பின்னர்தான். உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். எமது கல்லூரியும் அந்த அலையிலேயே எழுந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின், அதுவரை வீட்டோடு இருந்த பிள்ளைகளும் பெருந்தொகையாக வகுப்புகளுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் முதன்முதலாக எழுதக் கற்ற பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்து, எழுதத் தெரியாத தன் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிய முதற் பக்கங்களில் பல சமையற் பக்கங்களே. கடிதம் எழுத வெளியூரில் ஆள் வேண்டும். கதை எழுதத் துணிவு வேண்டும். அரியதரத்துக்கு அளவு எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அதனால்தான் இந்தக் கொப்பிகளை வெறும் சமையற் குறிப்பாக எம்மால் பார்க்க முடியவில்லை. எமது பெண்கள் தாமாக எழுதிய முதல் நூல்கள் இவையே. அவற்றில் காலமும் தெரிகிறது. தோழியின் தாயாரது கொப்பியில் கேக் வகைகள் ஆங்கிலத்தில் அவுன்சிலும் இறாத்தலிலும் இருக்கின்றன. பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் தமிழில் கொத்திலும் சுண்டிலும் இருக்கின்றன. பாடமொழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளின் சாட்சியம் அது. பின்னாளில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதே பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் உள்ளன: “சீனி இல்லை, பனங்கட்டி போட்டது, சரி வந்தது.” “பட்டர் இல்லாமலும் செய்யலாம்.” ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் செலவழித்து, பனங்காய் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலத்தில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு எப்படியாவது ஏதாவது ஒரு பலகாரம் செய்யவேண்டும் என்று ஒரு தாய் நினைத்ததை அந்த இரண்டு பென்சில் வரிகள் சொல்லுகின்றன. மழையில் மை கரைந்துபோயிற்று. பென்சில் எழுத்து அப்படியே நிற்கிறது. பென்சிற் கரி நீரில் கரைவதில்லை.

வாசிக்க முடியாமற் போகும் வழிகள்

எழுத்து அழிவது மழையால் மட்டுமன்று. பழைய இரும்புச் சத்துள்ள மை காலப்போக்கில் கபில நிறமாகி, சில இடங்களில் கடதாசியையே அரித்து ஓட்டையாக்கும். மரக்கூழில் செய்த மலிவான கடதாசி தன்னுள்ளே அமிலம் ஊறி மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறியும். குமிழ்முனைப் பேனாவின் மை எண்ணெயில் கசியும். கறையானும் வெள்ளிப்பூச்சியும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மை நன்றாக இருந்தாலும் எழுத்து வாசிக்க முடியாததாகலாம். றா, ணா, னா, லை, ளை, னை என்பவற்றின் பழைய வடிவங்களை எமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கண்டதில்லை. பதினெட்டு வயது மகள் ஒருத்தி “அன்னாசி” என்ற சொல்லில் வந்த பழைய “னா”வைக் கண்டு, அது ஏதோ ஆங்கில எழுத்து என்று எம்மிடம் கேட்டாள். அவள் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள். வெளிநாட்டில் பிறந்த எத்தனையோ பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

எழுத்தை வாசித்தாலும் அளவு புரியாமற் போகலாம். இறாத்தல் என்றால் 454 கிராம் என்று கணக்குப் பார்த்துவிடலாம். நாலு சுண்டு ஒரு கொத்து என்பதும் தெரியும். ஆனால் சுண்டு எது? சில வீடுகளில் வெறுமையான பால்பேணியே சுண்டு. “சீரகம்” என்று மட்டும் எழுதியிருந்தால் நற்சீரகமா, பெருஞ்சீரகமா? எழுதியவருக்கு அது தெரிந்தபடியால் எழுதவில்லை. அவர் இருக்கும்வரைதான் அந்தச் சொல் முழுமையானது.

வைத்தியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்த எமக்கு, மங்கிய எழுத்து என்றாலே ஒரு பயம் உண்டு. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி பிசகினால் என்ன நடக்கும் என்பதைப் படித்தவர்கள் நாம். சமையற் கொப்பியிலும் அப்படித்தான். “தே.க.” என்றால் தேக்கரண்டி, 5 மில்லிலீற்றர். “மே.க.” என்றால் மேசைக்கரண்டி, 15 மில்லிலீற்றர். ஓரெழுத்து மங்கினால் உப்பு மூன்று மடங்கு.

அதைவிடப் பாரதூரமான ஓரிடத்தையும் கண்டோம். கூழுக்கான குறிப்பில், மரவள்ளிக் கிழங்கைப் பற்றிய வரியில் “மூ” என்ற எழுத்தும் “அவிக்கவும்” என்ற சொல்லும் மட்டும் எஞ்சியிருந்தன. “மூடி அவிக்கவும்” என்று வாசிப்பதே எவருக்கும் இயல்பு. ஆனால் மரவள்ளியில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சட்டியைத் திறந்துவைத்து அவித்தால் அது ஆவியோடு வெளியேறும். எமது வீடுகளில் மரவள்ளியை மூடி அவிக்காததற்கு அதுவே காரணம். பக்கத்தைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தபோது பேனா அழுத்திய தடத்தில் “டாமல்” தெரிந்தது. “மூடாமல் அவிக்கவும்.” இரண்டு மூன்று எழுத்துகளுக்குள் ஒரு தலைமுறையின் முன்னெச்சரிக்கை ஒளிந்திருந்தது.

நாம் செய்தவை

உங்களிடம் இப்படியொரு கொப்பி இருந்தால், நாம் செய்தவை உங்களுக்கும் உதவலாம்.

முதலில், கொப்பியைத் திருத்த முயலவேண்டாம். கிழிந்த பக்கத்துக்கு செலோரேப் ஒட்டுவது எமது எல்லோரதும் வழக்கம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள் இறங்கும். பிடுங்கினால் எழுத்தும் சேர்ந்து வரும். பிளாஸ்ரிக்கில் சூடாக்கி மூடுவதும் வேண்டாம். அதைத் திரும்பக் கழற்ற முடியாது.

கைத்தொலைபேசி போதும். யன்னலோரத்தில், வெயில் நேரே விழாத பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் நிறப்படமாக எடுங்கள். வெற்றுப் பக்கம் என்று தோன்றுவதையும் விடவேண்டாம். எண்ணெய் ஊறிய பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்கத்து எழுத்துக் குறுக்கிடுவது குறையும். மை போய்விட்ட இடத்தில் அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் தாளோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். பேனா அழுத்திய பள்ளங்கள் நிழலாகத் தெரியும். மரவள்ளி வரியை நாம் மீட்டது அப்படித்தான்.

பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளது உள்ளபடி பெயர்த்தெழுதினோம். எழுத்துப் பிழையையும் திருத்தவில்லை. “இறாத்தல்” என்று இருந்தால் “இறாத்தல்” என்றே எழுதி, கிராமை ஓரத்தில் குறித்தோம். வாசிக்க முடியாத இடத்தில் புள்ளிகளை இட்டோம். ஊகித்து நிரப்பவில்லை. இது எமது சொந்தக் கண்டுபிடிப்பன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். தொட்டால் உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் தம் பதிப்புரையில் எழுதியதைப் படித்தவர்கள் அந்தப் பதைபதைப்பை அறிவார்கள். கலித்தொகைக்கு வேண்டியிருந்த நேர்மையை கேக்குக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒப்பிடுவதற்குப் பிரதிகளும் கிடைத்தன. முற்பாதிப் பாடங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லி எழுதுவித்தவை. ஆகவே ஒரு கொப்பியில் கரைந்தது இன்னொரு கொப்பியில் இருக்கவேண்டும். அதே வகுப்பில் படித்த இருவரைத் தேடிப்பிடித்தோம். ஒருவர் மெல்பேர்ணிலும் மற்றவர் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். இருவரிடமும் கொப்பி இருந்தது. பரிசளிப்பு விழா ‘றிச் கேக்’ பக்கத்தில் முட்டையின் எண்ணிக்கை எமது கொப்பியில் அழிந்திருந்தது. மெல்பேர்ண் கொப்பியில் “முட்டை 12” என்று இருந்தது. மட்டக்களப்புக் கொப்பியிலோ “மிஸ் சொன்னது 12, நான் போட்டது 8” என்றிருந்தது. தமிழறிஞர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வகுப்பறையில் ஒருவர் மெல்ல முரண்பட்டு நின்றதைக் கண்ட சிரிப்பு அது.

கை மறக்காதது

பிற்பாதிக்கு அந்த வழி இல்லை. வீட்டுச் சமையலுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். அதில் எம் தோழிக்கு மிகவும் வேண்டியிருந்தது, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் கொடுக்கும் சரக்குத்தூள். அவளுடைய மகளுக்கு அவ்வாண்டு பிள்ளை பிறக்கவிருந்தது. பக்கத்தில் மல்லி, மிளகு, வேர்க்கொம்பு என்ற மூன்று பெயர்களும் ஒரேயோர் அளவும் மட்டுமே எஞ்சியிருந்தன.

எழுதியவர் உயிரோடு இருக்கிறார். எண்பது வயதைக் கடந்த அந்த அன்ரி வெள்ளவத்தையில் இளைய மகளோடு வசிக்கிறார். ஆனால் மறதி நோய் அவரைச் சில ஆண்டுகளாகப் பிடித்திருக்கிறது. கொப்பியைக் காட்டினோம். புரட்டினார். “ஆற்றை எழுத்து இது? நல்ல எழுத்து” என்றார். எமது தோழி அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

மருத்துவத்தில் நாம் படித்த ஒன்று அன்று கைகொடுத்தது. பெயரையும் நாளையும் சேமிக்கும் நினைவு முதலில் தேயும். பல ஆண்டுகள் செய்து பழகிய வேலையின் நினைவு பொதுவாக அதைவிட நீண்டகாலம் நிற்கும். மறுநாள் காலை கேள்வி எதுவும் கேட்காமல், அவருக்கு முன்னால் ஒரு சுளகையும் சரக்குகளைத் தனித்தனிப் பேணிகளிலும் வைத்தோம். அடுப்பில் தாச்சியை வைத்தோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மல்லியைக் கையால் அள்ளிச் சுளகில் போட்டார். நாம் அந்தக் குவியலைத் தராசில் நிறுத்தோம். மிளகு, நற்சீரகம், மஞ்சள். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினோம். தோழி மிளகில் கொஞ்சத்தை எடுத்துக் குறைக்கப் போக, “உதை ஏன் எடுக்கிறாய்? பிள்ளைப் பெத்தவளுக்கெல்லே” என்று அதட்டினார். யார் பிள்ளை பெறப்போகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அளவு தெரிந்திருந்தது.

இரண்டு நாள் இடைவெளி விட்டு இன்னும் இரு முறை நிறுத்தோம். மூன்று முறையும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அந்த எண்கள் இப்போது கொப்பியின் பெயர்ப்பில், “எழுத்திலிருந்து அன்று, கையிலிருந்து” என்ற குறிப்போடு இருக்கின்றன.

வைத்தியராக ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அதே பக்கத்தின் கீழே, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும்படி ஒரு வரி இருந்தது. அக்கால வழக்கம் அது. பாலூட்டும் தாய்க்கு நீர் தாராளமாக வேண்டும் என்பதே இன்றைய அறிவு. அந்த வரியையும் நாம் அழிக்கவில்லை. அப்படியே பெயர்த்து, அருகில் “இப்போது பின்பற்ற வேண்டாம்” என்று எழுதினோம். பாதுகாப்பது வேறு, கைக்கொள்வது வேறு.

ஒரு வேண்டுகோள்

1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் ஓரிரவில் சாம்பலாயின. அதைப் பற்றி நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசவேண்டும். ஆனால் எமது வீட்டு அலுமாரியில் ஒரு நூலகம் சத்தமில்லாமல் மங்கிக்கொண்டிருப்பதற்கு நெருப்பு மூட்டியவர் எவருமில்லை. எமது பிற்போடல் ஒன்றே போதும். ஒரே இடத்தில் இருப்பது தொலையும் என்பதே இரண்டு அனுபவங்களும் தரும் பாடம். ஆகவே படங்களைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்கவேண்டாம். ஒரு பிரதி உறவினரிடம், ஒரு பிரதி வேறு நாட்டில், ஒரு பிரதி நல்ல தாளில் அச்சாக இருக்கட்டும். 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற பொது முயற்சிகளுக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. மூலக் கொப்பியை குசினியில் அன்றி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, எழுதியவர் இருந்தால் அவரருகே போய் இருங்கள். கொப்பி காத்திருக்கும் காலம்வரை அவர் காத்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு கடன் மீதமிருக்கிறது. பரிசளிப்பு விழா றிச் கேக்கின் குறிப்பில் பூசணி அல்வாவுக்கும் பன்னீருக்கும் பின்னால் இன்னொரு வரி இருக்கிறது. எமது கொப்பியில் அது மழையோடு போயிற்று. மெல்பேர்ண் கொப்பியில் அந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. மட்டக்களப்புக் கொப்பியில் மணி அடித்திருக்க வேண்டும். “மிகுதி நாளை” என்று எழுதி நின்றுவிடுகிறது. அந்த நாளை இன்னும் வரவில்லை. மலரோடு வெளிவரும் கல்லூரிச் சமையற் தொகுப்பில் அந்த இடத்தை வெறும் புள்ளிகளாகவே விட்டிருக்கிறோம்.

1950களின் இறுதியில் அந்தக் கூடத்தில், யன்னலோர வாங்கிலோ பின் வாங்கிலோ இருந்து அதை எழுதிய முப்பது பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அல்லது உங்கள் தாயாராகவோ, மாமியாராகவோ இருக்கலாம். அருள்கூர்ந்து உங்கள் கொப்பியைத் திறந்து பாருங்கள். அந்த ஒரு வரியைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பரிசளிப்பு விழாவுக்குக் கேக் செய்யவேண்டியிருக்கிறது.